தீனித் தட்டா, நாட்டுச் செடியா, குட்டையா, காட்டு மூலையா: வீட்டுத் தோட்டத்தில் எதை முதலில் செய்வது?

தோட்டத்துக்குப் பறவையும் பட்டாம்பூச்சியும் தவளையும் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலரும் ஒரே குழப்பத்தோடு கேட்கிறார்கள். இருப்பது கொஞ்சம் இடம், கொஞ்சம் பணம், வாரத்தில் ஒன்றிரண்டு மணி நேரம். ஒருவர் தீனித் தட்டு தொங்கவிடச் சொல்கிறார், இன்னொருவர் குட்டை வெட்டச் சொல்கிறார், மூன்றாமவர் எதையும் வெட்டாமல் அப்படியே விடு என்கிறார். இதில் எதை முதலில் எடுப்பது? எல்லாமே நல்லதுதான் என்று பதில் சொன்னால் கேட்டவருக்கு ஒரு பயனும் இல்லை. ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்த்தால்தான் முடிவு வரும்.

அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஒரு வீட்டுத் தோட்டத்தால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜெனிஃபர் ஓவன் என்ற விலங்கியலாளர் தன் வீட்டுத் தோட்டத்தை 1972 தொடங்கி 30 ஆண்டுகள் கணக்கெடுத்தார். 741 சதுர மீட்டர் இடம். புல்தரை, பூச்செடி, காய்கறிப் பாத்தி என்று எல்லாரும் வைத்திருக்கிற மாதிரியான தோட்டம்தான். அதில் அவர் பதிவு செய்தது 2,673 வகை உயிர்கள். அவற்றில் 1,997 பூச்சிகள். பறவை, பாலூட்டி, தவளை எல்லாம் சேர்த்து முதுகெலும்புள்ளவை 64 மட்டுமே. பறவை வந்தால்தான் தோட்டம் உயிரோடு இருக்கிறது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கீழே நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

நான் முதலில் கேட்பது இது: உயிர்கள் இங்கே வந்து போகின்றனவா, இல்லை பிறந்து வளர்ந்து பெருகுகின்றனவா? மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்கு நான் அதிக மதிப்பு கொடுக்கிறேன். ஒரு பறவை ஐந்து நிமிடம் தின்றுவிட்டுப் போவதும், அதே பறவை குஞ்சு பொரித்து வளர்ப்பதும் வேறுவேறு விஷயங்கள்.

இரண்டாவது, நீங்கள் நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? மூன்று வாரம் ஊருக்குப் போகிறீர்கள், உடம்பு முடியவில்லை, வேலை கூடிவிட்டது. அப்போது அந்த ஏற்பாடு தானாக ஓடுமா, படுத்துவிடுமா, அல்லது கெடுதலாகவே மாறுமா?

மூன்றாவது, பலன் கண்ணில் பட எவ்வளவு காலம் ஆகும். இதைச் சின்ன விஷயம் என்று தள்ளக் கூடாது. முதல் ஆண்டு ஒன்றுமே தெரியாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் ஆர்வம் இழந்துவிடுவார்கள்.

அப்புறம் வீட்டாரும் பக்கத்து வீட்டாரும். கொசு, எலி, பாம்பு பயம், 'புதர் மண்டிக் கிடக்கிறதே' என்ற பேச்சு. இவற்றுக்குப் பதில் இல்லாத திட்டம் ஓராண்டு தாங்காது.

நான்கு வழிகளுக்கும் பொதுவான ஒரு நிபந்தனையும் உண்டு. பூச்சிமருந்து அடிக்கிற தோட்டத்தில் இவை எதுவும் பலிக்காது. கடையில் வாங்கும் செடியிலேயே மருந்து ஊறியிருக்கலாம்: 2017இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோட்டக் கடைகளில் விற்ற பூச்செடிகளைச் சோதித்தபோது, 70 சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றில் தேனீக்களைப் பாதிக்கும் நியோனிகோட்டினாய்டு வகை மருந்து இருந்தது. 'தேனீக்கு உகந்தது' என்று அடையாளமிட்டு விற்ற செடிகள் அவை. ஆகவே விதை போட்டு வளர்ப்பதும், தெரிந்தவரிடம் கொம்பு ஒடித்து வாங்கி நடுவதும் பாதுகாப்பு.

## தீனித் தட்டும் கூடுப் பெட்டியும்

எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான், காரணமும் புரிகிறது. இன்று தொங்கவிட்டால் சில நாளில் பறவை வந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கலாம். கடுங்குளிரும் பனியும் உள்ள ஊர்களில், இரை கிடைக்காத மாதங்களில், சின்னப் பறவைகளுக்கு இது உயிர்க்கொடையாகவே அமையும்.

ஆனால் என் முதல் அளவுகோலில் இது பின்தங்குகிறது. தானியம் தின்னும் பறவைகளில் பெரும்பாலானவைகூடக் குஞ்சுகளுக்குக் கொடுப்பது புழுவும் பூச்சியும்தான். சிட்டுக்குருவியும் அப்படித்தான். தட்டில் எவ்வளவு தானியம் கொட்டினாலும் பக்கத்தில் புழு இல்லையென்றால் குஞ்சு தேறாது.

மறைந்திருக்கும் செலவுகள் இங்கே அதிகம். தீனி தொடர்ந்து வாங்க வேண்டும் என்பது தெரிந்த செலவு. நோய்தான் தெரியாத செலவு. இயற்கையில் பரந்து மேயும் பறவைகள் ஒரே தட்டில் எச்சிலும் எச்சமுமாகக் கூடும்போது தொற்று பரவுகிறது. பிரிட்டனில் 2005 முதல் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி நோய் கிரீன்ஃபின்ச் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. அது பரவிய வழிகளில் தீனித் தட்டும் தண்ணீர்த் தட்டும் முக்கியமானவை. அமெரிக்காவில் 1994இல் ஹவுஸ் ஃபின்ச் பறவைகளிடம் தொடங்கிய கண்நோயும் தட்டுகள் வழியே பரவியது. வாரம் ஒரு முறையாவது தட்டைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, முழுவதும் காயவைத்து மாட்ட முடியாதவர்கள் இதைத் தொடங்காமல் இருப்பதே பறவைகளுக்கு நல்லது. உடல் உப்பி, சோர்ந்து உட்கார்ந்திருக்கும் பறவை ஒன்று கண்ணில் பட்டால் உடனே தீனியை நிறுத்திவிட வேண்டும்.

சிந்தும் தானியம் எலியைக் கூப்பிடும். கண்ணாடி ஜன்னலும் ஓர் ஆபத்து: மிரண்டு பறக்கும் பறவை வேகமெடுத்து மோதும். தட்டை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டருக்குள் வையுங்கள், வேகம் பிடிக்க இடம் இருக்காது. இல்லாவிட்டால் பத்து மீட்டருக்கு அப்பால் தள்ளிவிடுங்கள்.

கூடுப் பெட்டி வேறு கதை. பொந்துள்ள பழைய மரங்கள் போய்விட்ட இடத்தில் அது உண்மையிலேயே ஒரு குறையைத் தீர்க்கிறது. வாசல் துளையின் அளவுதான் எல்லாம். சிட்டுக்குருவிக்கு 32 மில்லிமீட்டர் போதும். துளைக்குக் கீழே உட்காரும் குச்சி வைக்காதீர்கள். பறவைக்கு அது தேவையில்லை, முட்டை திருட வருகிற உயிருக்குத்தான் உதவும். வெயில் நேராக விழாத பக்கம் பார்த்து மாட்டி, பருவம் முடிந்ததும் பழைய கூட்டை எடுத்துச் சுத்தம் செய்தால் போதும்.

இதைத் தேர்ந்தெடுக்கலாம்: தரையே இல்லாத மாடி வீடு; கடுங்குளிர் நாடு; படுக்கையைவிட்டு எழ முடியாத ஒருவருக்கு ஜன்னல் வழியே பறவையைக் காட்டவேண்டிய வீடு. கடைசியில் சொன்னதற்காக மட்டுமே வைத்தாலும் தவறில்லை, கழுவ ஆள் இருந்தால் சரி.

## அந்தந்த மண்ணின் செடிகள்

என் ஓட்டு இதற்குத்தான். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

செடி தன் இலையில் நஞ்சையும் கசப்பையும் சேர்த்து வைத்திருக்கும். அதை ஜீரணிக்கப் பழகிய பூச்சி இனங்கள் சிலதான், அந்தப் பழக்கமும் பல்லாயிரம் ஆண்டு கூடவே வாழ்ந்து வந்தது. மோனார்க் பட்டாம்பூச்சியின் புழு எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த பால்செடிகளைத் தவிர வேறெதையும் தின்னாது. வெந்தய வரியன் போன்ற அதன் உறவினங்கள் எருக்கிலேயே முட்டையிடும். எங்கிருந்தோ கொண்டுவந்த அலங்காரச் செடியின் பூவில் தேன் இருக்கலாம், பட்டாம்பூச்சி வந்து குடிக்கவும் செய்யலாம். ஆனால் முட்டையிட இலை இல்லையென்றால் அந்தத் தலைமுறை அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் புழுக்கள்தான் பறவைக்கு வாழ்வு. வட அமெரிக்காவின் சிக்கடி என்ற சின்னஞ்சிறு பறவை ஜோடி, ஓர் ஈட்டுக் குஞ்சுகளை வளர்த்து வெளியே அனுப்ப 6,000 முதல் 9,000 புழுக்கள் வரை பிடித்துக் கொடுக்கிறது. வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள வீட்டுத் தோட்டங்களில் இதே பறவையை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தோட்டத்தின் பசுமையில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் உள்நாட்டுச் செடிகள் இருந்தால்தான் அந்தப் பறவையினம் தன் எண்ணிக்கையைத் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது என்பது அதன் முடிவு. இந்தக் கணக்கு ஒரு பறவைக்கும் ஒரு பகுதிக்கும் உரியது, எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தாது. ஆனால் அடிப்படை எங்கேயும் ஒன்றுதான்: மண்ணுக்குரிய செடி, அதைத் தின்னும் புழு, அதைத் தின்னும் பறவை.

ஒரு எலுமிச்சைச் செடி தொட்டியில் இருந்தால்கூடப் போதும், இதைப் பக்கத்திலிருந்தே பார்த்துவிடலாம். எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சி வந்து தளிரில் கடுகைவிடச் சின்னதாய், வெளிர்மஞ்சளாய் ஒற்றை முட்டையிடும். வெளிவரும் புழு கறுப்பும் வெள்ளையுமாக, யாரோ மேலே எச்சமிட்டதுபோலவே இலையில் கிடக்கும். பறவை அதைத் திரும்பிப் பார்க்காது. சில முறை தோலுரித்தபின் தளிரின் பச்சைக்கே மாறிவிடும். மெல்லத் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவட்டை ஒன்றை நீட்டும், காரமான வாடை வீசும். எறும்பையும் குளவியையும் விரட்ட அது வைத்திருக்கும் ஆயுதம். இதைப் பார்த்த குழந்தை பிறகு எந்தப் புழுவையும் காலால் நசுக்காது என்பது என் நம்பிக்கை.

இதற்கும் மறைமுகச் செலவு உண்டு. முதலாவது பொறுமை: சிறு செடிகள் பூக்கவே ஓராண்டு ஆகலாம், புதரும் மரமும் சில ஆண்டு கேட்கும். இரண்டாவது, இலை கடிபடும். கடிபட வேண்டும் என்பதற்காகத்தான் நடுகிறோம், ஆனால் அழகுக்காகத் தோட்டம் வைத்தவர்களுக்கு இது மனத்தடை. ரோஜா இலையின் ஓரத்தில் வட்டம் வட்டமாக, கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் துண்டு போயிருந்தால் பலர் நோய் என்று மருந்தடிக்கிறார்கள். அது இலைவெட்டித் தேனீ தன் குஞ்சுக்கு அறை கட்ட எடுத்துப்போன துண்டு, செடிக்கு அதனால் பெரிய கேடு ஒன்றுமில்லை. மூன்றாவது, சரியான செடியைக் கண்டுபிடிக்கும் உழைப்பு. கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி வெளிநாட்டு அலங்காரச் செடி. அடுக்கடுக்காக இதழ் பெருக்கிய கலப்பினப் பூக்களில் மகரந்தமும் தேனும் குறைவு, பலவற்றில் தேனீ உள்ளே போகவே வழியிருக்காது. ஒற்றையடுக்குப் பூவையே தேடுங்கள்.

வெளிநாட்டுச் செடி எல்லாம் பகை என்று நான் சொல்லவில்லை. பூவில்லாத பருவத்தில் தேன் தருவதற்கு அவற்றில் சில உதவும். தானாகப் பரவிக் காட்டைப் பிடிக்கிற இனங்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நடக் கூடாது.

இதைத் தேர்ந்தெடுக்கலாம்: கொஞ்சமாவது தரை இருந்து, இரண்டு மூன்று ஆண்டு அங்கேயே இருக்கப்போகிற எவரும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் தொட்டியில் வைக்கலாம், வீடு மாறும்போது எடுத்துப்போகலாம்.

## தண்ணீர்: தட்டா, குட்டையா

இதற்குள் இரண்டு வழிகள் இருப்பதால் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்த் தட்டு எளிது. இரண்டரை முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் போதும்; அடிப்பகுதி சொரசொரப்பாக இருக்க வேண்டும்; தேனீயும் பட்டாம்பூச்சியும் கால் வைக்க நடுவில் ஒன்றிரண்டு கல் போடுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டு உட்சுவரைத் தேய்த்துவிட வேண்டும். இந்தத் தேய்ப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வெறுமனே மாற்று நீர் ஊற்றினால் முட்டைக்கு நீர் கிடைத்ததுதான் மிச்சம். ஊருக்குப் போவதானால் தட்டைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போங்கள்.

குட்டை பெரிய முடிவு, ஆனால் இந்த நான்கு வழிகளில் இவ்வளவு சீக்கிரமாகப் புதிய உயிர்களைக் கொண்டுவந்து குடியேற்றுவது இதுதான். தும்பி தானாக வரும், நீர்ப்பூச்சிகள் பறந்தே வந்து சேரும், சுற்றுவட்டத்தில் தவளை இருந்தால் அதுவும் தேடி வந்துவிடும். வேறு குளத்திலிருந்து தலைப்பிரட்டையையோ நீர்ச்செடியையோ அள்ளி வராதீர்கள். உலகெங்கும் தவளை இனங்களை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை அப்படியும் பரவும்.

மீன் விடலாமா என்பதுதான் அடுத்த கேள்வி. உயிர்களுக்கான குட்டை என்றால் வேண்டாம். மீன் கொசுப்புழுவைத் தின்னும், கூடவே தலைப்பிரட்டையையும் தும்பியின் இளம்பூச்சியையும் தின்றுவிடும். கொசு ஒழிக்க உலகம் முழுக்கக் கொண்டுபோன கம்பூசியா மீன் பல நாடுகளில் உள்ளூர்த் தவளைக்கும் மீனுக்கும் கேடாக முடிந்தது. தும்பியின் இளம்பூச்சியும் நீர்வண்டுகளும் நிலைபெற்ற குட்டையில் கொசுப்புழு பெரும்பாலும் அவற்றுக்கு இரையாகிவிடும். அந்த நிலை வரும்வரையும், டெங்கு உள்ள ஊரிலும், வாரம் ஒரு முறை எட்டிப்பார்க்கத்தான் வேண்டும். புழு நெளிந்தால் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தைப் போடலாம். அது கொசுப்புழுவையும் அதன் நெருங்கிய இனங்களையும் மட்டுமே தாக்கும்.

ஒரு பக்கமாவது சரிவாக இருக்க வேண்டும். செங்குத்துச் சுவருள்ள தொட்டியில் விழுந்த உயிர் ஏற முடியாமல் சாகும். தொட்டிதான் இருக்கிறது என்றால் ஒரு பலகையையோ கற்படியையோ சாய்த்துவையுங்கள். முடிந்தவரை மழைநீரை நிரப்புங்கள். முதல் ஆண்டு தண்ணீர் பச்சையாவது இயல்பு, செடி வேர்பிடித்தால் தெளிந்துவிடும்.

தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் குட்டையைத் தள்ளிப்போடுங்கள். சில சென்டிமீட்டர் நீரும் குழந்தைக்கு ஆபத்து. இதில் எந்த உயிர்நேயமும் விதிவிலக்கு ஆகாது.

இதைத் தேர்ந்தெடுக்கலாம்: வறண்ட பருவம் நீண்ட ஊர்களில் தட்டு முதல் நாளே வைக்க வேண்டியது. குட்டை, சின்னக் குழந்தை இல்லாத, பாதி வெயிலும் பாதி நிழலும் உள்ள இடத்துக்கு.

## ஒரு மூலையைச் சும்மா விடுவது

காசு செலவே இல்லை, ஆனாலும் பலருக்குக் கடினமாக இருப்பது இதுதான். சருகைக் கூட்டாமல், விழுந்த கட்டையை எடுக்காமல், கொஞ்சம் வெறும் மண்ணை மூடாமல் விடுவது. உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 70 சதவீதம் மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்பவை. சிமெண்டும், சருகோ மரத்தூளோ பரப்பிய தடித்த மூடாக்கும் போட்டு மூடிய தோட்டத்தில் அவற்றுக்கு வாசலே இல்லை. சருகுக்குள் பூரான், மரவட்டை, வண்டின் புழு. அவற்றைத் தேடித் தேரை, அரணை, தரையில் கிளறும் பறவை.

பூச்சிகள் குடியேறுவதற்கென்று கடையில் விற்கும் பூச்சி வீடுகளைவிட இது நம்பகமானது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத் தோட்டங்களில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைச் சோதித்துப் பார்த்து 2005இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கூட்டமாக வாழாமல் தனியே கூடு கட்டும் தனித்தேனீக்களுக்கு வைத்த குழல்களில் தேனீ குடியேறியது. உடல் பருத்து ரோமம் அடர்ந்த பம்பிள் தேனீக்களுக்கு வைத்த செயற்கைக் கூடுகள் காலியாகவே கிடந்தன. மக்கும் கட்டைக்குப் பலன் மெல்லத்தான் வரும்.

புல்தரை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன மாற்றம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 16 வீட்டுப் புல்தரைகளை வைத்து நடந்த ஆய்வில், வாரம் ஒரு முறை வெட்டிய தரையைவிட இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வெட்டியதில் தேனீக்கள் அதிகம் இருந்தன. வேலையும் பாதியாகிறது.

பாம்பு பயம் நியாயமானது. கட்டைக் குவியலை வீட்டுச் சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி வையுங்கள். பாம்பை இழுப்பதில் எலிக்கு முக்கிய இடம் உண்டு, ஆகவே சிந்திய தானியத்தையும் குப்பையையும் முதலில் கவனியுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சுக்கும் வழி இருக்கிறது: காட்டு மூலையைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்குச் சுத்தமாக வெட்டி, கல் வரிசை வைத்துவிட்டால் அது வேண்டுமென்றே விட்டது என்று பார்த்ததுமே தெரியும்.

சும்மா விடுவது என்றாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பார்வையிட வேண்டும். பரவும் அந்நியக் களை ஒன்று நுழைந்துவிட்டால் மூலை முழுக்க அதுவே நிற்கும், வேறு எதற்கும் இடமிருக்காது.

இதைத் தேர்ந்தெடுக்கலாம்: நேரமில்லாதவர்கள், காசில்லாதவர்கள், பின்பக்கம் யாரும் எட்டிப்பார்க்காத இடம் வைத்திருப்பவர்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | உயிர்கள் பெருகுமா | மூன்று வாரம் கவனிக்காவிட்டால் | பலன் தெரிய | முக்கிய அபாயம் |
|---|---|---|---|---|
| தீனித் தட்டு | குறைவு | கழுவாததால் நோய் | சில நாள் | தொற்று, எலி |
| கூடுப் பெட்டி | ஆம், சில இனம் | ஒன்றும் ஆகாது | ஒரு பருவம் | தவறான துளை அளவு |
| நாட்டுச் செடி | மிக அதிகம் | வேர்பிடித்தபின் தாங்கும் | 1 முதல் 3 ஆண்டு | மருந்து ஊறிய நாற்று |
| தண்ணீர்த் தட்டு | இல்லை, ஆனால் தேவை | கொசு | சில நாள் | கொசு, தொற்று |
| குட்டை | அதிகம் | பெரும்பாலும் தாங்கும் | சில வாரம் | குழந்தை, கொசு |
| காட்டு மூலை | அதிகம், மெதுவாக | ஒன்றும் ஆகாது | 1 ஆண்டுக்கு மேல் | அந்நியக் களை |

## சரி, யார் எதை எடுப்பது

கொஞ்சம் தரை இருக்கிறது, இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் என் வரிசை இது: இன்றே ஒரு மூலையை விட்டுவிடுங்கள், அதற்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. அடுத்த நடவுப் பருவத்தில் உங்கள் பகுதிக்குரிய செடி நான்கைந்து இனம், ஒன்று முடிய ஒன்று பூக்கிற மாதிரி. செடி வளரும்வரை கண்ணுக்கு ஏதாவது வேண்டும், அதற்குத் தண்ணீர்த் தட்டு. குட்டை இரண்டாம் ஆண்டில். தீனித் தட்டு கடைசியில், அதுவும் கழுவும் பழக்கம் வந்துவிட்டால்.

பால்கனி மட்டும் இருப்பவர்களுக்கு வரிசை மாறும். பட்டாம்பூச்சி முட்டையிடும் செடி ஒன்று, தேன் தரும் பூச்செடி ஒன்று, சின்னத் தண்ணீர்த் தட்டு. மாடி மிக உயரம் என்றால் பட்டாம்பூச்சி குறைவாகவே ஏறி வரும், தேனீ வரும்.

பூனை வளர்ப்பவர்கள் பறவையைக் கீழே இறங்க அழைக்கும் எதையும் யோசித்துச் செய்ய வேண்டும். அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. அதில் பெரும்பங்கு யாருக்கும் சொந்தமில்லாத பூனைகளுடையது. வீட்டுப் பூனையை உள்ளேயே வைத்திருக்க முடியாதென்றால் தட்டையும் கூடுப் பெட்டியையும் விட்டுவிட்டு, பூச்சிக்கான செடிகளிலும் மண்தேனீக்கான வெறும் தரையிலும் கவனம் வையுங்கள். அவற்றைப் பூனை பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை.